வெள்ளத்திற்குப் பின் பள்ளிக்கூடம்

அயலூரில் குடியேறிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைந்தவர்கள் உங்களுள் பலர். மாற்றுச் சான்றிதழ் எங்கே, இதுவரை எந்த மொழியில் படித்தான் என்னும் கேள்விகள் உங்களுக்குப் புதியன அல்ல. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், கையில் ஒரு தாளுமின்றி, ஒரே சமயத்தில் ஒரு நகரத்துப் பள்ளி வாயில்களில் வந்து நின்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், 2005-ஆம் ஆண்டு அதுதான் நேர்ந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரீனா என்னும் சூறாவளி கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற வெள்ளக் கரைகள் உடைந்தன; ஐந்தில் நான்கு பங்கு நகரம் நீரில் மூழ்கிற்று. உயிர் தப்பியோரில் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 350 மைல் மேற்கே இருந்த ஹூஸ்டனை அடைந்தனர். ஆஸ்ட்ரோடோம் என்னும் பெரிய விளையாட்டரங்கில் வரிசை வரிசையாகக் கட்டில்கள் போடப்பட்டன.

பள்ளி ஆண்டு தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வீடிழந்த பிள்ளையைச் சான்றிதழ் கேட்காமல் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வாறே சேர்த்தனர். மாநிலம் முழுவதும் சுமார் 45,000 பேர்; ஹூஸ்டன் நகரப் பள்ளிகளில் மட்டும் ஏறத்தாழ 5,000 பேர். இரண்டு லட்சம் மாணவர் பயிலும் இடத்தில் ஐயாயிரம் ஒரு பெருந்தொகையா என்று நீங்கள் கேட்கலாம். சமமாகப் பரவியிருந்தால் சுமையே இல்லைதான். ஆனால் அகதிகளுக்கு நகராட்சி வாடகைச் சீட்டு அளித்தபோது, காலியான வீடுகள் மிகுந்திருந்தது தென்மேற்குப் பகுதியில். எண்ணெய் வளம் கொழித்த எழுபதுகளில் கட்டப்பட்டு, பின்னர் மதிப்பிழந்த அடுக்குமாடிகள் அவை. பலர் அங்கே குடியேறினர். ஆகவே சில பள்ளிகளே பாரத்தைத் தாங்கின.

சச்சரவும் எழுந்தது. இரு சாராரும் பேசியது ஆங்கிலமே. ஆயினும் உச்சரிப்பு வேறு, உடுப்பு வேறு. ஓர் உயர்நிலைப் பள்ளியில் அடிதடி மூண்டு, காவலர் வந்து மாணவர்களைக் கைது செய்யும் அளவிற்குப் போயிற்று. நகரில் கொலைகள் பெருகியபோது பழி வந்தேறிகள்மீது விழுந்தது. கட்டில் விரித்துக் கொடுத்த நகரமே முகம் சுளிக்கலாயிற்று. விருந்து நீண்டால் எந்த வீட்டிலும் நடப்பதுதானே!

"எங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது" என்பது பெற்றோரின் முக்கியமான முறையீடு. அதை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிடலாகாது. இம்பர்மன், கூக்ளர், சாசர்டோட் என்னும் மூன்று பொருளியலறிஞர்கள் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். ஹூஸ்டன் தொடக்கப் பள்ளி மாணவரின் கணக்கு மதிப்பெண் சராசரியில் ஓரளவு குறைந்தது என்று கண்டனர். மேல்வகுப்புகளில் உள்ளூர் மாணவர் பள்ளிக்கு வராதிருப்பதும் ஒழுங்கீனமும் மிகுந்தன என்பதையும் மறைக்கவில்லை. பெற்றோரின் அச்சத்தில் பாதி மெய், பாதி மிகை.

வந்த பிள்ளைகளின் கதை வேறு. முதலாண்டில் அவர்களுடைய மதிப்பெண் சரிந்தது. வீடு போய், உற்றார் சிதறியபின் கணக்குப் பாடத்தில் மனம் நிற்குமா? ஆயினும் சில ஆண்டுகளில், முன்பு நலிந்த பள்ளிகளில் பயின்ற நியூ ஆர்லியன்ஸ் பிள்ளைகள், தாம் இருந்த நிலையினும் மேலேறினர்.

நியூ ஆர்லியன்ஸின் மக்கள்தொகை 2000-இல் 4,84,674, 2010-இல் 3,43,829. திரும்பாத குடும்பங்கள் பல ஹூஸ்டனிலேயே நிலைத்துவிட்டன. சான்றிதழின்றி வந்த பிள்ளைகள் பலர் அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றனர்.