குழம்பில் உப்பு, உடம்பில் உப்பு: பெரம்பலூர் வெயிலும் நம்ம சிறுநீரகமும்

இந்த வாரம் சிறுநீரகம். அந்தப் பேரைக் கேட்டாலே நமக்கு ஞாபகம் வருவது ரெண்டு விஷயம்தான்: கல்லு, டயாலிசிஸ். ரெண்டும் கெட்ட செய்தி. நல்லா இருக்கும்போது அது என்ன பண்ணுதுன்னு கேட்டா, "ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நான் பெரம்பலூர்க்காரி. மே மாசத்துல எங்க பக்கம் ஏரி வேலை பார்க்கிறவங்களுக்கும், அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நிற்கிறவங்களுக்கும் சிறுநீரகம் பார்க்கிற பெரிய வேலை வேற. உப்பையும் தண்ணியையும் கணக்குப் பார்க்கிற வேலை.

உப்புன்னு சொன்னதும் ஒரு சின்ன திசைதிருப்பல். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் போனீங்கன்னா மழை அரிச்ச செம்மேடுகள் இருக்கும். பக்கத்தில் கடலே கிடையாது. ஆனா அங்கே கிடைப்பது கடல்வாழ் அம்மோனைட் படிமங்கள். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அது கடல். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் காலத்துக் கடல் விட்டுட்டுப் போனதுதான். வாரணவாசியில் இதுக்காகவே ஒரு அருங்காட்சியகம் இருக்கு, போய்ப் பாருங்க. இதைப் பேசினா உடனே யாராவது "நம்ம ரத்தமே அந்தப் பழைய கடல்தான்" என்று ஒரு வசனம் விடுவாங்க. அழகா இருக்கு, ஆனா கணக்கு உதைக்குது. கடல்தண்ணியில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம், ரத்தத்துக்கு ஒத்துப்போகிற அளவு அதுதான். நமக்குள் இருப்பது கால்வாசிக் கடல். அந்தக் கால்வாசி அரையாகவும் கூடாது, அரைக்காலாகவும் கூடாது. ஆளே இல்லாம யார் பார்த்துக்கறாங்க? சிறுநீரகம்தான்.

இப்போ எண்ணுக்கு வருவோம். இதயம் தள்ளுகிற ரத்தத்தில் கிட்டத்தட்ட அஞ்சில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. ஒரு நாளைக்கு அது வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். நாம் வெளியே விடுவது ஒன்றரை லிட்டர் சொச்சம். மீதி 178 லிட்டரும் திரும்ப ரத்தத்துக்கே போகுது. அந்த 180 லிட்டரோடு வடியும் உப்பை மட்டும் எடைபோட்டா ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! நாம் சாப்பிடுவதோ நாளைக்கு 10 கிராம் அளவில். ஆக, தினமும் ஒன்றரைக் கிலோ உப்பைக் கையில் வாங்கி, கிட்டத்தட்ட எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு, சாப்பிட்ட அந்தச் சில கிராமை மட்டும் வெளியே அனுப்பணும். கணக்கு ஒரு சதவீதம் பிசகினாலே 15 கிராம்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? உங்க அம்மா குழம்பு வைக்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. உப்பு கூடிப்போச்சுன்னா தண்ணி ஊத்துவாங்க. கரிப்பு சரியாகிடும், ஆனா குழம்பு அளவு கூடிடும். உடம்பிலும் அதேதான். உப்பு கூடினா தாகம் எடுக்கும், தண்ணி குடிப்போம், கரிப்பு பழைய நிலைக்கு வந்துடும், ரத்தத்தின் அளவு ஏறியிருக்கும். சட்டியாக இருந்தால் வழியும். ரத்தக்குழாயில் வழிய இடமில்லை, அழுத்தம் ஏறும். அதனால இதை மட்டும் மனசில் வெச்சுக்கங்க: ரத்தம் எவ்வளவு கரிப்பா இருக்குங்கறதைத் தண்ணி தீர்மானிக்குது. எவ்வளவு ரத்தம் ஓடுதுங்கறதை உப்பு தீர்மானிக்குது.

இந்த ரெண்டுக்கும் தனித்தனி ஆள். கரிப்பைப் பார்ப்பது மூளை. ஒரு சதவீதம் ஏறினாலே வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகம் தண்ணியைப் பிடித்து வைக்கும், சிறுநீர் அடர் மஞ்சளாகும். அளவைப் பார்க்கும் கண்களில் முக்கியமான ஒன்று சிறுநீரகத்திலேயே இருக்கு. உள்ளே வரும் ரத்தம் குறைந்தால் ரெனின் என்ற பொருளை விடும். அது ஒரு சங்கிலியைத் தொடங்கி, ரத்தக்குழாயை இறுக்கி, கடைசியில் ஆல்டோஸ்டீரான் மூலமா "உப்பை விடாதே" என்று உத்தரவு போடும்.

இப்போ வெயிலில் மண்வெட்டி பிடித்து நிற்கும் ஒருத்தரை நினைச்சுக்கங்க. கடுமையான வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போகலாம், அதோட ஒன்றிரண்டு கிராம் உப்பும். ரத்தத்தின் அளவு சுருங்குது. அவர் வெறும் தண்ணியை மட்டும் குடம் குடமா குடிச்சா என்ன ஆகும்? உப்பு இல்லாததால் அளவு முழுசா மீளாது. அளவு ரொம்பக் குறைஞ்சா, ரத்தம் நீர்த்துப்போனாலும் பரவாயில்லைன்னு வாசோப்ரெசின் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். உடம்பு கரிப்பை விட்டுக்கொடுத்து அளவைக் காப்பாத்தும். அது எல்லை மீறினால் தலைவலி, குமட்டல், குழப்பம். எங்க ஊர்ல தூக்குவாளியில் உப்புப் போட்ட கம்பங்கூழும் மோரும் நீராகாரமும் கொண்டுபோனதில் ஒரு கணக்கு இருந்திருக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் அதே கணக்குதான், லிட்டருக்கு அளந்து போட்ட உப்பும் குளுக்கோஸும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு உப்பைத் தொடுங்க.

ஆனா நிறைய பேருக்குப் பிரச்சினை அதிகமா குடிப்பதில்லை, குடிக்காம இருப்பது. எங்க அத்தை காட்டு வேலைக்குப் போற நாளில் காலையிலிருந்து தண்ணியே தொடமாட்டாங்க. ஏன்னு கேட்டா, "ஒதுங்க எங்கடி இடமிருக்கு?"ம்பாங்க. ஒரு கழிவறை இல்லாதது நேரா சிறுநீரகத்தில் போய் முடியுது. சாயங்காலம் உடம்பு வலின்னு மெடிக்கல் கடையில் ஒரு டைக்ளோஃபெனாக். இங்கே கொஞ்சம் நில்லுங்க. ரத்தத்தின் அளவு குறையும்போது, வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைத் திறந்து வெச்சிருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். வலி மாத்திரை தடுப்பது அதையேதான். நல்லா தண்ணி குடிச்சு நிழலில் இருக்கிற ஆளுக்கு அது பெரிய விஷயமில்லாம போகலாம். காய்ஞ்சு போன உடம்புக்கு அது கதவைச் சாத்துற வேலை.

இது ஊகம் இல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரக மருத்துவர்கள் 2023-ல் தமிழ்நாட்டின் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதிச்சாங்க. முதல் பரிசோதனையில் 17 சதவீதத்துக்கு மேல் சிறுநீரகச் செயல்பாடு குறைவு. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்த்தப்போ அது 5.31 சதவீதம். அதாவது நிறைய பேருக்கு அது மீண்டிருக்கு. எனக்கு உறுத்துவது அந்த இடைவெளிதான். விழுந்து எழுவது வருஷா வருஷம் நடந்தா, ஒரு வருஷம் எழாமல் போகலாம். நிரந்தரமா பாதிக்கப்பட்டவங்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சர்க்கரையும் இல்ல, பிரஷரும் இல்ல. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கமும், எல் சால்வடார், நிகரகுவா கரும்புக் காடுகளிலும் இதே மாதிரி நோய் பல வருஷமா ஆளைக் கொல்லுது. காரணம் வெயிலா, பூச்சிமருந்தா, குடிநீரா, எல்லாம் சேர்ந்தா என்ற விவாதம் முடியவில்லை. ஆனா நிகரகுவாவில் ஒரு சர்க்கரை ஆலை, வேலைக்கு நடுவே ஓய்வும் நிழலும் தண்ணியும் கூட்டிப் பார்த்தது. கரும்பு வெட்டுறவங்களுக்கு ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மருந்தே இல்லாம.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சது. செத்தால் 4 லட்சம் நிவாரணம். நல்லது. வேலையிடத்தில் ஒரு பந்தலும் கழிவறையும் அதைவிட மலிவு.

ஏ.சி. அறையில் இருந்து கேட்கிற நமக்கு? நம்ம பிரச்சினை நேர் எதிர், வேர்வை இல்ல, சிப்ஸ் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. நாம அதை எப்பவோ தாண்டிட்டோம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கேட்க வேண்டியது ரெண்டு டெஸ்ட்: ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம். சிறுநீரகம் பாதிக்கு மேல் போன பிறகும் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாம இருக்கலாம், அதனாலதான் சொல்றேன். வலி மாத்திரை எத்தனை போடுறாங்கன்னும் கேட்டு வைங்க.

உங்க வேலையிடத்தில், உங்க ஊர்க் காட்டில், தண்ணியும் நிழலும் கழிவறையும் எப்படி இருக்குன்னு ரெண்டு நிமிஷக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த வாரம் அதையெல்லாம் போட்டுக் கேட்போம்.