ஸ்டேன்ஸ் என்னும் கற்பெயர்

  

அவிநாசி சாலையில் செல்வோர் அனைவரும் ஸ்டேன்ஸ் பள்ளியை அறிவர். பெயரின் பொருளை வினவியோர் சிலரே. நானும் நெடுநாள் வினவவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்பது கல். தேம்சு நதிக்கரையில் ஸ்டெயின்ஸ் என்றோர் ஊர் உண்டு. 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் அவ்வூரின் எழுத்துகள் நம் பள்ளிப் பலகையில் உள்ளவையே. ஊர்ப்பெயர் குடிப்பெயராதல் ஆங்கில மரபு. நம் மேட்டுப்பாளையத்துக் கல்லாற்றுக்காரர் அங்கே பிறந்திருப்பின் அவரும் ஒரு ஸ்டேன்ஸ்தான்! கொங்கு வேளாளருக்கு ஆந்தை, காடை எனக் கூட்டப்பெயர்கள் உண்டு; அவற்றைப் பெயரின் பின் ஒட்டும் வழக்கமில்லை, மணம் பேசுகையில்தான் அவை வாய்திறக்கும்.

1841இல் பிறந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்குக் காப்பித் தொழில் நடத்தினார். 1862இல் பள்ளியும் 1888இல் பஞ்சாலையும் கண்டார். 1999இல் ஒரிசாவில் இரு மைந்தரோடு எரித்துக் கொல்லப்பட்ட தொழுநோய்த் தொண்டர் கிரகாம் ஸ்டெயின்ஸின் பெயரும் இக்கல்லின் கிளையே.

ஆவணங்களில் அவ்வாலை கோயமுத்தூர் நூற்பு நெசவாலை. மக்கள் நாவில் ஸ்டேன்ஸ் மில். முதலாளியின் பெயரை ஊருக்குள் நிலைநாட்டியது தொழிலாளர் நாவே. அங்கு முதற்கதிரைச் சுழற்றியவர் பெயரை எந்தப் பலகையிலும் நான் கண்டதில்லை.