துணைக்கு நிற்பவருக்கும் ஒரு துணை வேண்டும்



நம்ம லயத்தில் ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "தாத்தாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று எல்லோரும் விசாரிப்போம். அவர் பக்கத்தில் நாள்கணக்காக இருக்கும் மகளிடம், மருமகளிடம், "நீ சாப்பிட்டியாம்மா, தூங்கினியா?" என்று கேட்பவர்கள் குறைவு. இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அக்கரப்பத்தனை ஆஸ்பத்திரி என்றால் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பிவிட்டால் அப்படி முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் இருக்கிறது. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. வீட்டில் பிள்ளைகள் தனியே. இந்தப் பாரத்தில் தூக்கம் போய்விடும், சின்ன விசயத்துக்கும் கோபம் வரும். "இது எப்பதான் முடியுமோ" என்று ஒரு நினைப்பும் வரும். உடனே, "பெத்தவரைப் பத்தி இப்படி நினைச்சிட்டேனே" என்று மனம் குத்தும். பாசம் இல்லாததால் அப்படி நினைப்பதில்லை. களைத்துப்போன மனம் அப்படித்தான் நினைக்கும்.

இன்னொரு விசயம். ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்குத் திடீரென்று புத்தி தடுமாறலாம். கிருமித் தொற்று, உடம்பில் நீர் குறைவது, சில மருந்துகள், இடம் மாறியது ஆகியவை இதற்குக் காரணங்கள். இரவில் கூடும். பெற்ற மகளையே "நீ யாரு?" என்பார், ஏசுவார், சேலைன் குழாயைப் பிடுங்குவார். அதை மனதில் வைத்து அழவேண்டாம். அது நோய் செய்யும் வேலை. உடனே நேர்ஸிடம் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுவிட்டு, "இது ஆஸ்பத்திரி, நான் உங்க மக" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

1980 இல் அமெரிக்காவில் சாரிட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், மறதி நோய் வந்த முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்த 29 பேரிடம் விசாரித்தார்கள். நோயாளி கொடுத்த தொல்லையின் அளவுக்கும் பார்ப்பவரின் பாரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மற்றச் சொந்தக்காரர்கள் அடிக்கடி வந்துபோன வீட்டில்தான் பாரம் குறைவாக இருந்தது. நம்ம லயத்துக்கும் இது பொருந்தும் இல்லையா?

ஆகவே, முதல் நாளே அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி கூடிப் பேசி முறை போடுங்கள். பெண்கள் வாட்டில் ஆண்கள் இராத்தங்க முடியாமல் போகலாம். ஆனாலும் பார்க்கும் நேரத்தில் போகலாம், மருந்து வாங்கலாம், வீட்டில் சோறாக்கலாம். கொழும்பில் வேலை செய்யும் மகன் காசு அனுப்பினால் மட்டும் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால் அக்கா ஒருநாள் தூங்குவாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பலாம்.

துணைக்கு நிற்கும் தாய்மாரே, உங்கள் பிரசர் மாத்திரையை மறக்க வேண்டாம். இரண்டு வாரமாகியும் அழுகை அடங்காவிட்டால், தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். "செத்தா தேவல" என்று தோன்றினால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த பிறகும் பராமரிப்பு முடிவதில்லை. அன்றைக்கும் அந்த முறை தொடரட்டும்.