ஊர்க் கணக்கும் தோட்டக் கணக்கும்



ஆண்டு முடியும்போது கடைக்காரர் தம் ஏட்டைப் புரட்டி வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அதைப் போலவே ஓர் ஊரின் தலைவரும் தம் மக்கள் முன்னே நின்று, கடந்த பன்னிரண்டு மாதங்களில் நடந்தவை எவை, நடவாமற் போனவை எவை என்று எடுத்துரைப்பது நாகரிகமான வழக்கம். நுவரெலியாவில் அவரை மாநகர முதல்வர் என்கிறோம். ஹட்டன்-டிக்கோயாவில் அவர் நகர சபைத் தவிசாளர். மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் பிரதேச சபைத் தவிசாளர். பெயர் வேறானாலும் பொறுப்பு ஒன்றுதான்: ஊராரின் பணத்துக்கும் ஊராரின் நலத்துக்கும் கணக்குச் சொல்வது.

அத்தகைய உரை ஒன்றில் என்ன இருக்கும்? திருத்திய வீதிகள் இருக்கும். புதிதாக எரியும் தெருவிளக்குகள் இருக்கும். குடிநீர்க் குழாய், வடிகால், சந்தைக் கட்டடம், நூலகம், மயானம், குப்பை அகற்றும் வண்டி ஆகியவை வரிசையாக வரும். அறவிட்ட சோலைவரி இவ்வளவு, நிலுவை இவ்வளவு என்ற விவரமும் வரும். நுவரெலியாவாக இருந்தால் ஏப்ரல் மாத வசந்தகாலக் கூட்டமும் கிரகரி வாவியும் தவறாமல் இடம்பெறும். இவற்றைச் சிறியவை என்று யாரும் எண்ணிவிடலாகாது. அடைபட்ட ஒரு வடிகாலைத் திறந்துவிட்டவர், நீண்ட சொற்பொழிவு செய்தவரைவிட ஊருக்குப் பெரிய நன்மை செய்தவராவார்.

ஆயினும், மலைநாட்டில் ஓர் ஊர்த் தலைவர் “நமது மக்கள்” என்று சொல்லும்போது, அச்சொல்லுள் யார் யார் அடங்குகிறார்கள் என்று நாம் கேட்டுப் பார்த்ததுண்டா?

சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஹட்டன் கடைவீதிக்குப் போய்ப் பாருங்கள். அரிசிக் கடை, புடைவைக் கடை, நகை அடைவு பிடிக்கும் கடை, மருந்துக் கடை என எங்கும் தோட்டத்து மக்களே நிறைந்திருப்பார்கள். 1884ஆம் ஆண்டு புகைவண்டி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாதை மலைமேல் ஏறியது தோட்டங்களை நாடித்தான். பாதையை ஒட்டிக் கடைகள் எழுந்தன. கடைகளை ஒட்டி நகரம் வளர்ந்தது. எனவே, தேயிலைக் கொழுந்தைப் பறித்த விரல்களே அந்த நகரத்தையும் வளர்த்தன என்றால் அது மிகையாகாது.

மாலையில் அந்த மக்கள் சாமான் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். சிறிது தூரத்தில் நகர எல்லை முடிகிறது. தார் வீதி முடிகிறது; தெருவிளக்கும் முடிகிறது. அதற்கப்பால் தோட்டத்துப் பாதை. அதன் முடிவில் லயங்கள். நகரத்தின் ஆண்டுக் கணக்கும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அப்படியானால், தோட்டத்தில் கணக்கே இல்லையா? உண்டு, மிகவும் கண்டிப்பான கணக்கு உண்டு. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கொழுந்தை நிறுத்துக் கிலோ எழுதுவார்கள். நிறை குறைந்தால் “அரைப்பேர்” போடுவார்கள். தோட்டத்திலே “பேர்” என்ற சொல்லுக்கு ஒரு நாட் கூலி என்றே பொருள் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஒருவருடைய பேர், அவர் வேலைக்கு வந்த நாளில் மட்டும் ஏட்டில் ஏறும். வேலை செய்யும் கையை எண்ணிய அந்த ஏடு, அதே மனிதர் ஓர் ஊரில் குடியிருப்பவர் என்பதை எண்ணவில்லை. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதமும் தோட்டத்து அலுவலகத்தைச் சுற்றியே வந்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்த கதையை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தப் பிரிவு தானாக வந்ததன்று, சட்டங்களினால் வந்தது. 1937ஆம் ஆண்டில் கிராமச் சபைச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தபோது, தோட்டங்களிற் குடியிருந்த தொழிலாளர்க்குக் கிராமசபை வாக்குரிமை மறுக்கப்பட்டது. தோட்டம் வேறு, கிராமம் வேறு என்ற சுவர் அப்போதே எழுந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களை நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலக்கங்களாகப் பிரித்து, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. குடியுரிமைச் சிக்கல் 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் படிப்படியாகத் தீர்ந்தது.

இதற்கிடையில் 1987ஆம் ஆண்டில் பிரதேச சபைச் சட்டம் வந்தது. இங்கேதான் விந்தையான ஒரு நிலை தோன்றியது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். அவர்கள் பிள்ளைகள் உறுப்பினரானார்கள், தவிசாளரும் ஆனார்கள். ஆனால், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றபடியால், சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட முடியவில்லை. தாம் பிறந்த லயத்துக்குப் போகும் பாதையிலே ஒரு வண்டிக் கல்லைக் கொட்டுவதற்கும் தவிசாளருக்கு அதிகாரம் இருக்கவில்லை. நிலம் அரசினுடையது, 1992ஆம் ஆண்டுக்குப் பின் நிருவாகம் கம்பனிகளுடையது, வாக்கு மட்டும் மக்களுடையது!

2018ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, அந்தத் தடை நாடாளுமன்றத் திருத்தத்தினால் நீங்கியது. இரண்டாவது, நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. முன்னர் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்கள் அடங்கியிருந்தார்கள். இப்போது கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவற்றுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன. இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால், தடையை நீக்குவது வேறு, கடமையை நிறைவேற்றுவது வேறு. கதவு திறந்தது, உள்ளே போவதற்கு வேண்டிய பணமும் ஆட்களும் அதே வேகத்தில் வரவில்லை.

காலமும் துணை நிற்கவில்லை. 2020இல் கொள்ளை நோய்; 2022இல் நாட்டின் பொருளாதார வீழ்ச்சி. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அலுவலர்களே சபைகளை நடத்தினார்கள். அவர்கள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், வாக்குக் கேட்டு வந்தவரிடம் மக்கள் கேள்வி கேட்கலாம். மேலதிகாரிக்கு மட்டும் பதில் சொல்பவரிடம் எப்படிக் கேட்பது? 2025 மே 6ஆம் தேதி தேர்தல் நடந்து, கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்கள்.

அமர்ந்து ஆறு மாதமாகுமுன், நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன, மலைநாட்டுப் புகைவண்டிப் பாதை முடங்கியது. அந்நேரத்தில் நகர எல்லை எது, தோட்ட எல்லை எது என்று மண் பார்க்கவில்லை. மேலே தோட்டத்தில் வடிகால் அடைபட்டால் கீழே நகரத்து வீதி ஆறாகிறது. இரண்டும் ஒரே மலையிலுள்ள ஒரே ஊர்தான் என்று மழை நமக்குக் கற்பித்தது.

இப்பாடம் புதியதன்று. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எழுந்து போங்கள் என்றார்கள். எங்கே போவது என்பதற்கு விடை இருக்கவில்லை. மண் சரிந்த பின் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டபோது, முதலில் சொன்ன தொகை வேறு, பின்னர் சொன்ன தொகை வேறு. நேயர்களே, பறித்த கொழுந்தைக் கிலோ தவறாமல் எழுதிவைத்த நாட்டில், புதைந்த மனிதரை எண்ணுவதற்கு ஏடு இருக்கவில்லை! இதைவிடப் பெரிய குறை ஒன்றை ஓர் ஊரின் கணக்கிலே காட்ட முடியுமா?

ஆகவே, மலைநாட்டு முதல்வர்களிடமும் தவிசாளர்களிடமும் ஒரு வேண்டுகோளைப் பணிவுடன் வைக்கிறேன். அடுத்த ஆண்டறிக்கையின் முதற் பக்கத்தில் விளக்குகளின் எண்ணிக்கை வேண்டாம். உங்கள் எல்லைக்குள் எத்தனை லயங்கள், அவற்றில் எத்தனை குடும்பங்கள் என்று எழுதுங்கள். எத்தனை வீடுகளுக்கு முகவரி கிடைத்தது, எத்தனை லயங்கள் சரியக்கூடிய மண்ணின்மேல் நிற்கின்றன, அவற்றில் எத்தனை குடும்பங்களுக்கு மாற்று நிலம் கிடைத்தது என்று எழுதுங்கள். “ஒருவருக்கும் கிடைக்கவில்லை” என்பதே உண்மையானால், அதையும் எழுதுங்கள். செய்ததைச் சொல்லும் அறிக்கைக்குக் கைதட்டல் கிடைக்கும். செய்யாததையும் சொல்லும் அறிக்கைக்குத்தான் நம்பிக்கை கிடைக்கும். நகரத்துச் சபையின் பகுதியில் தோட்டம் இல்லையென்றால், பக்கத்துப் பிரதேச சபையோடு ஒன்றாக அமர்ந்து அந்தப் பக்கத்தை எழுதலாம்.

அவ்வறிக்கையை மண்டபத்தில் மட்டும் வாசித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரட்டுக்களத்துக்கும் கொண்டுபோய் வாசியுங்கள். வேலைக்குப் பேர் கூப்பிட்ட அதே இடத்தில், மக்கள் தம் ஊரின் கணக்கைக் கேட்கட்டும்; கேட்டுவிட்டுக் கேள்வியும் கேட்கட்டும்.

தோட்டத்து மக்களுக்கும் ஒரு சொல். சபை என்பது தேர்தலன்று மட்டும் நினைக்கவேண்டிய ஒன்றன்று. உங்கள் லயத்துப் பாதையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்க உங்களுக்கு இப்போது சட்டப்படி உரிமையுண்டு. உங்கள் பாட்டன் பாட்டிக்கு இல்லாத அந்த உரிமை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை எழுத்திலே கேளுங்கள். விடையையும் எழுத்திலே பெறுங்கள்.

2023ஆம் ஆண்டில், மலையகத்தின் இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாக நடந்து வந்தார்கள். முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்த நடை அது. அந்த முன்னோர் வந்த நாளிலிருந்து அவர்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள்; ஆனால் ஆட்களாக எண்ணினார்கள், ஊராராக எண்ணவில்லை. வரும் ஆண்டிலாவது ஊர்க் கணக்கும் தோட்டக் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்படட்டும் என்று வேண்டி, என் பேச்சை முடிக்கிறேன்.