இறக்கை முளைக்கும் முன்னே பார்ப்போம்!

(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன சம்பாவில் குழுக் கடன் வாங்கி முக்கால் ஏக்கர் நட்டோம். கதிர் வரும் நேரத்தில் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீயில் புகைந்த மாதிரி ஆயிடுச்சு. புகையான்! எங்க வீட்டுக்காரர் மருந்தை மேலாக அடிச்சார். பூச்சி அடித்தூரில் அல்லவா இருக்கு! பாதி நெல்தான் வீடு வந்தது. ஆட்டை வித்துத்தான் தவணை கட்டினேன்.

தப்பு என்னுடையதுதான். இரண்டாம் களை எடுக்கும்போதே தூரில் சின்னப் பூச்சிகள் தத்துவதைப் பார்த்தேன். இறக்கைகூட இல்லையே, இது என்ன செய்யப்போகுதுன்னு விட்டுட்டேன். அதுதான் புகையான் குஞ்சு!

தண்டுத் துளைப்பான் முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்று உருவம் மாறும். புகையானுக்குப் புழுவும் இல்லை, கூடும் இல்லை. பொரிக்கும்போதே தாய் சாயல்தான், இறக்கை மட்டும் இருக்காது. இரண்டு, மூன்று வாரத்தில் 5 முறை தோல் உரிக்கும். முதலில் முதுகில் சின்ன முளை தெரியும். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகும். கடைசி உரிப்பில் முழு இறக்கை வந்துவிடும். வெட்டுக்கிளியும் இப்படித்தான் வளரும். ஆனால் இறக்கை வரும்வரை புகையான் சும்மா இருக்காது. குஞ்சும் தாயைப் போலவே சாறு குடிக்கும். கூட்டம் பெருகினால் நீள இறக்கையோடு அடுத்த வயலுக்குப் பறக்கும்.

அதனால் நாம் செய்ய வேண்டியது:

* வாரம் ஒருமுறை பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரைப் பாருங்கள்.
* தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் உடனே கவனிக்கணும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி நம்ம காவல்காரி.
* வயல் தண்ணீரை வடித்துவிடுங்கள்.
* யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.
* நடும்போது 8 அடிக்கு ஒரு அடி பட்டம் விடுங்கள்.
* 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, தூரில் படும்படி அடியுங்கள். கண்ட மருந்தை அடித்தால் சிலந்தி சாகும், புகையான் பெருகும். வேளாண்மை உதவி அலுவலரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாம்தான். குனிந்து வேலை செய்யும் நம்ம கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும். பார்த்ததை அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், குழுவிலும் சொல்லுங்கள். என்னைப் போல விட்டுடாதீங்க.