தொடாமல் எடுக்க முடியாத படம்

(திருவான்மியூரில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இதய மருத்துவர் என்று அறிமுகப்படுத்தினீர்கள். என் அன்றாட வேலை எக்கோ எடுப்பது.

1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதயத்தின் அசைவை முதன்முதலாக அல்ட்ராசவுண்டில் பதிவு செய்தார்கள். கப்பல் பட்டறையில் இரும்பில் விரிசல் பார்க்கும் வகைக் கருவி அது. தொழிலாளி கையிலிருந்துதான் மருத்துவர் கைக்கு வந்தது.

அதே ஆண்டில்தான் பத்மாவதி அமெரிக்காவில் படிப்பை முடித்து டெல்லி வந்தார். பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண். போரில் தப்பிக் கோவை வந்த குடும்பம். 1954-இல் லேடி ஹார்டிங்கே கல்லூரியில், இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆய்வகத்தைத் தொடங்கினார். வட இந்தியாவில் அதுதான் முதல். பாரிஸ்டர் வீட்டுப் பெண், வாய்ப்புகள் வீட்டிலேயே இருந்தன. ஆனால் படித்த படிப்பை ஏழைகளின் நோய்மேல் வைத்தார். அதனால்தான் அவரைச் சொல்கிறேன்.

அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று ருமாட்டிக் இதய நோய். தொண்டைப் புண்ணில் தொடங்கும், முட்டி வீங்கும், பிறகு வால்வைச் சுருக்கும். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீடுகளின் நோய். சீக்கிரம் கண்டுபிடித்தால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுத் தடுக்கலாம்.

என் அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் முட்டி வீங்கியது. ஊர் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, சட்டைக்கு மேல், கை படாமல் ஸ்டெதாஸ்கோப்பை நீட்டினார். சேரிப் பிள்ளை அல்லவா! "வளர்ற வலி" என்று மாத்திரை கொடுத்தார். சுருங்கிய வால்வின் சத்தம் அப்படிக் கேட்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோலில் வைத்துக் கேட்க வேண்டும். இருபத்து மூன்று வயதில், ஏழு மாதக் கர்ப்பத்தில், மூச்சு முட்டி இறந்தாள். கடைசி நாளில்தான் எக்கோ எடுத்தார்கள். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மைட்ரல் வால்வு 0.8 சதுர சென்டிமீட்டர். இயல்பாக 4 முதல் 6 இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

இடஒதுக்கீட்டில் படித்தேன். "கோட்டா டாக்டர்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சொல்லட்டும். எக்கோவைத் தள்ளி நின்று எடுக்க முடியாது. நோயாளியை இடது பக்கம் சாய்த்து, ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே ப்ரோபை அழுத்தி, இருபது நிமிடம் அவர் உடம்போடு கை ஒட்டியிருக்க வேண்டும். அவசரப்பட்டாலோ அருவருத்தாலோ படம் விழாது.

கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் சிக்கியதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு எக்கோவில் சிக்கியது. அங்கே கவனமாகத்தான் கேட்டார்கள். கேட்கவே மனமில்லாத இடத்தில் எத்தனை பிள்ளைகள் தப்பிப்போயிருப்பார்கள்?

இப்போது கையடக்க எக்கோ வந்துவிட்டது. அரசுப் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்போம். அதுவரை, அடுத்த ஞாயிறு காலை என் கருவியோடு குப்பத்துக்கு வருகிறேன். முட்டி வீங்கிய பிள்ளைகள் இருந்தால் கூட்டிவாருங்கள். "வளர்ற வலி" என்று யார் சொல்லியிருந்தாலும் கூட்டிவாருங்கள்.