வாய்ச்சொல்லும் வயிற்றுப்பாடும்



2021 அக்டோபர் மாதம். உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோவில் சாப்பாடு வாங்கிய தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், கேட்ட பண்டத்தில் ஒன்று வரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று சேவை மையத்துக்கு எழுதுகிறார். ஓட்டல்காரரோடு பேச மொழி தடையாக இருக்கிறது என்று அங்கிருந்த பெண் ஊழியர் சொல்கிறார். தமிழ்நாட்டில் கடை விரித்தால் தமிழ் தெரிந்த ஆளை வையுங்கள் என்கிறார் இவர். இந்திதான் தேசிய மொழி, எல்லோரும் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் பாடம் நடத்தினார். தமிழ்நாடு கொதித்தது. அக்டோபர் 19 அன்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அந்த ஊழியரை வேலையை விட்டு எடுத்துவிட்டதாக அறிவித்தது. சில மணி நேரத்திலேயே நிறுவனர் தீபிந்தர் கோயல், இதற்காக மட்டும் எடுத்திருக்கக் கூடாது என்று சொல்லி மறுபடியும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கும் கோபம் வந்தது. அரசியல் சட்டத்தின் 343-ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. தேசிய மொழி என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்விட்ட தாளமுத்து நம் கும்பகோணத்துக்காரர். 1965இல் இந்தியை எதிர்த்துத் தீக்குளித்த சாரங்கபாணி, மாயவரத்தில் படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளை. இந்த மண்ணில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை சுடத்தான் செய்யும். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுத்தது தப்பு.

தமிழ் தெரியாத ஒருவரைத் தமிழ்நாட்டுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தது யார்? நிறுவனம். கோவையில் சேவை மையம் அமைக்கிறோம் என்றும் அதே நிறுவனம்தான் அன்றைக்குச் சொன்னது. நமக்கு வேண்டியது அது. ஒரு கீழ்மட்ட ஊழியரின் சம்பளத்தைப் பறித்து நம் கையில் கொடுத்தால் தமிழுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

வாய்க்காக வயிற்றில் அடிப்பது எப்படி இருக்கும் என்று தஞ்சைச் சீமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் காலத்தில் பண்ணையாள் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினால் சாணியைக் கரைத்துப் புகட்டும் சாணிப்பால், சவுக்கடி. அதோடு விட்டதா? நாளையிலிருந்து களத்துப் பக்கம் தலைவைக்காதே என்பார்கள். குடியிருந்த மனையும் மிராசுதாருடையது. வேலை போனால் குடிசையும் போகும், பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் செங்கொடி பிடித்து ஊர் ஊராக நடந்தது இதை எதிர்த்துத்தான். 1952இல் ராஜாஜி அரசு தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நினைத்த மாத்திரத்தில் ஆளைத் துரத்த முடியாது, துரத்தப்பட்டவர் சமரச அதிகாரியிடம் முறையிடலாம் என்ற நிலை வந்தது. அந்தப் பண்ணையாளுக்குக் கிடைத்த அந்த ஒரு முறையீடுகூட, அத்தனை பெரிய நிறுவனத்தில் இந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததா?

ஆலைத் தொழிலாளிக்கும் இதே நியாயம்தான். தகாத வார்த்தை பேசிய தொழிலாளியை வேலைநீக்கம் செய்தது அளவுக்கு மீறிய தண்டனை என்று 1982இல் ராமகாந்த் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2005இல் மகிந்திரா நிறுவன வழக்கில் அதே நீதிமன்றம், மேலதிகாரியைக் கெட்ட வார்த்தையால் திட்டியவரின் நீக்கத்தைச் சரி என்றது. எல்லாப் பேச்சையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லவில்லை. தனக்குக் கீழே வேலை செய்கிறவரைச் சாதி சொல்லித் திட்டுகிற அதிகாரி அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது. அவர் கையில் இன்னொருவரின் பிழைப்பு இருக்கிறது. ஆனால் அவருக்கும் குற்றச்சாட்டை எழுதிக் கொடுங்கள், பதிலைக் கேளுங்கள், விசாரியுங்கள். அதன் பிறகு அனுப்புங்கள்.

இளைஞர்களே, நாளைக்கு உங்கள் கைபேசியிலும் இப்படி ஒரு பதில் வரும். அதைச் சும்மா விடாதீர்கள். அந்த ஊழியரின் பெயரை மறைத்துவிட்டு நிறுவனத்தின் பெயரைப் போட்டு எழுதுங்கள். எங்கள் ஊரில் வியாபாரம் செய்கிறாய், எங்கள் மொழியில் பதில் சொல்ல ஆள் போடு என்று கேளுங்கள். ஆள் போடும்வரை கேளுங்கள்.